நுங்கம்பாக்கத்தில் சிக்கிய சில்வியா

[திரையில்: நுங்கம்பாக்கம் வானிலை மைய வளாகம், கருங்கல் தூண்]

இந்தத் தூண் நிற்கும் இடத்தில்தான் மதராஸ் வானாய்வகம் இருந்தது. 1866 மே 16 அன்று அரசு வானியலாளர் நார்மன் போக்சன் இங்கிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். எண் 87, பெயர் சில்வியா. சராசரி விட்டம் சுமார் 270 கி.மீ. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலான பட்டையில் இது பெரிய உருப்படி.

[திரையில்: கையால் வரைந்த விண்மீன் வரைபடம்]

சிறுகோளைப் புகைப்படத்தில் பிடிக்கும் முறை 1891-ல்தான் வந்தது. அதுவரை எல்லாம் கண்ணும் பென்சிலும்தான். வானத்தில் ஒரு சிறு துண்டைத் தேர்ந்தெடுத்து, தொலைநோக்கியில் தெரியும் மங்கலான விண்மீன்களை எல்லாம் வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும். வரைபடத்தில் இல்லாத புள்ளி ஒன்று தெரிந்தால் உடனே குதிக்கக் கூடாது. வரைந்தவர் அதை விட்டிருக்கலாம். ஒளி கூடிக் குறையும் மாறுவிண்மீனாகவும் இருக்கலாம். ஏற்கெனவே பதிவான சிறுகோளாகவும் இருக்கலாம்.

நகர்ந்தால்தான் நம்பலாம். சூரியனுக்கு நேரெதிரே இருக்கும்போது சில்வியா ஒரு நாளில் நகர்வது, முழுநிலா அகலத்தில் மூன்றில் ஒரு பங்குதான். பக்கத்து விண்மீன்களிலிருந்து அதன் தூரத்தை அளந்து, சில மணி நேரம் கழித்து மறுபடி அளந்தால் வித்தியாசம் தெரியும். நடுவே மேகம் மூடினால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டியதுதான். பிறகு சில இரவுகளின் அளவுகளைச் சேர்த்துச் சுற்றுப்பாதையைக் கணக்கிடுவார்கள். இல்லாவிட்டால் கண்டுபிடித்ததே தொலைந்துபோகும்.

[திரையில்: சில்வியா, இரு நிலாக்கள்]

சில்வியாவுக்கு நிலா உண்டு என்பது 2001-ல் ஹவாயின் கெக் தொலைநோக்கியில் தெரிந்தது. இரண்டாவது நிலா 2005-ல் அறிவிக்கப்பட்டது. இரண்டு நிலா உள்ளதாக முதலில் தெரியவந்த சிறுகோள் இதுதான். ரோமானியத் தொன்மத்தில் ரியா சில்வியாவின் இரட்டைப் பிள்ளைகள் ரோமுலஸ், ரீமஸ். நிலாக்களுக்கும் அதே பெயர்கள்.

நிலா இருந்தால் எடை போடலாம், அதுதான் லாபம். ரோமுலஸ் சுமார் 1,360 கி.மீ. தொலைவில் 3.65 நாளுக்கு ஒருமுறை சுற்றுகிறது. இந்த இரண்டு எண்களை கெப்ளர் விதியில் போட்டால் சில்வியாவின் நிறை கிடைக்கும்: ஏறக்குறைய 1.5 லட்சம் கோடி கோடி கிலோ. அதைப் பருமனால் வகுத்தால் அடர்த்தி 1.4 அளவில் நிற்கிறது. நீருக்கு 1, கருங்கல்லுக்கு 2.7. ஆகவே சில்வியா ஒரே கெட்டிப் பாறையாக இருக்க முடியாது. உள்ளே நிறைய வெற்றிடமோ பனியோ இருந்தாக வேண்டும்.