00.20 வண்டிக்கு எந்த இரவு கிளம்புவது?

அடுத்த கேள்வி திருச்சியிலிருந்து ஓர் அம்மா அனுப்பியது. "மகன் நாகர்கோவிலுக்கு ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுத்திருக்கிறான். 15ஆம் தேதி, சனிக்கிழமை, 00.20 என்று போட்டிருக்கிறது. நான் எந்த இரவு ஸ்டேஷனுக்குப் போக வேண்டும்? ஏன் இப்படி மணி போடுகிறார்கள்?" என்று கேட்டிருக்கிறார்.

அம்மா, வெள்ளிக்கிழமை இரவு சாப்பிட்டு முடித்ததும் கிளம்பிவிடுங்கள். பன்னிரண்டு மணி கடந்து இருபதாவது நிமிடம் உங்கள் வண்டி. சனிக்கிழமை இரவு போனால், வண்டி போய் ஒரு நாள் ஆகியிருக்கும்.

என் பெரியப்பா அப்படித்தான் ஒரு கல்யாணத்தைத் தவறவிட்டார். டிக்கெட்டில் சனி என்று இருந்ததால் சனி இரவு பெட்டியோடு போய் நின்றார். படித்த மனிதருக்கு இதுகூடத் தெரியவில்லையா என்று வீட்டில் எல்லோரும் கடிந்துகொண்டார்கள். எனக்கு அது இன்றும் வருத்தமாக இருக்கிறது. அவர் பழகிய கணக்கு வேறு. பஞ்சாங்கத்தில் நாள் பிறப்பது சூரிய உதயத்தில். ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகை 24 நிமிடம். அந்தக் கணக்கில் வெள்ளி நள்ளிரவு தாண்டினாலும் விடியும்வரை வெள்ளிதான். நாமும் பேச்சில் "வெள்ளி இரவு ஒரு மணிக்கு" என்றுதானே சொல்கிறோம்?

ஜப்பானியருக்கும் இதே மனம்தான். அங்கே நள்ளிரவுக்குப் பின் ஒரு மணிக்கு வரும் தொலைக்காட்சி நிகழ்ச்சியை, முந்தைய நாளின் பட்டியலிலேயே 25 மணி என்று அச்சிடுவது உண்டு. தூங்கப் போகாதவனுக்கு நாள் முடியவில்லை என்பதை மணிக்கணக்கிலேயே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு அது.

ரயில்வே ஏன் 24 மணிக் கணக்கை வைத்திருக்கிறது என்றால், இரவு பகலாக வண்டி ஓடும் இடத்தில் 8.15 என்று மட்டும் எழுதினால் காலையா இரவா என்ற சந்தேகம் வரும். 20.15 என்றால் வராது. அமெரிக்காவில் பொதுமக்கள் இதை ராணுவ நேரம் என்றே சொல்கிறார்கள், அன்றாடம் புழங்குவதில்லை. நாமும் "பதினெட்டு மணிக்கு வா" என்று யாரையும் அழைப்பதில்லை. விடியற்காலை, மதியம், சாயங்காலம் என்று சொல்லிவிட்டால் நமக்குப் போதும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சென்னையில் வெள்ளி இரவு புறப்படும் வண்டி, திருச்சிக்கு வரும்போது தேதி மாறியிருக்கலாம். அதனால் டிக்கெட்டில் வண்டி கிளம்பும் தேதி ஒன்றாகவும் நீங்கள் ஏறும் தேதி வேறாகவும் இருக்கும். முன்பதிவு செய்யும்போது நீங்கள் ஏறும் ஊரின் தேதியைத்தான் கொடுக்க வேண்டும்.

பெரியவர்களுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுக்கும் பிள்ளைகளே, தேதியையும் மணியையும் மட்டும் அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள். "வெள்ளிக்கிழமை இரவு பதினொன்றரைக்கெல்லாம் ஸ்டேஷனில் இருக்க வேண்டும்" என்று ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள்.