கிளார்க் தெருப் பாலத்தடியில் ஒரு கப்பல்

நேயர்களுக்கு வணக்கம். டிசம்பர் பிறந்துவிட்டது, கிறிஸ்துமஸ் பற்றி ஏதாவது பேசுங்கள் என்று கேட்டார்கள். கேக், குடில், நட்சத்திரம் பற்றியெல்லாம் மற்றவர்கள் பேசிவிடுவார்கள். நான் கிறிஸ்துமஸ் மரத்தைப் பற்றிப் பேசலாம் என்று வந்தேன். சரியாகச் சொன்னால், மரத்தைக் கப்பலில் ஏற்றிவந்து நகரத்தில் விற்ற ஒரு குடும்பத்தைப் பற்றி.

ஊர் அமெரிக்காவின் சிகாகோ. நூறு வருஷத்துக்கும் முந்திய கதை. அங்கே ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியவர்கள் ஏராளம். வீட்டுக்குள் மரம் நட்டு ஜோடிக்கும் வழக்கம் அவர்களோடு வந்தது. ஆனால் நகரத்தைச் சுற்றி இருந்ததோ புல்வெளி. பச்சை ஊசியிலை மரம் வேண்டுமென்றால் வடக்கே, மிச்சிகன் ஏரியின் மேல்கோடிக்குப் போகவேண்டும். ஏரி என்றதும் நம் ஊர் ஏரியை நினைத்துவிடாதீர்கள். நீளம் 490 கிலோமீட்டர். நடுவில் நின்று பார்த்தால் எந்தப் பக்கமும் கரை தெரியாது. நவம்பரில் அங்கே அடிக்கும் காற்று, பழகிய மாலுமிகளையே மிரட்டும்.

மரம் ஏற்றும் கப்பல் கிளம்புவது அந்த நவம்பரில்தான். முன்னாடியே வெட்டினால் பண்டிகைக்குள் ஊசி உதிர்ந்துவிடும். வேறு கப்பல்கள் எல்லாம் துறையில் கட்டிக் கிடக்கும் நேரத்தில், வருஷத்தின் கடைசி நடையாக ஒரு நடை. பிழைத்து வந்தால் நல்ல காசு.

ஷூனமன் சகோதரர்கள் இந்தத் தொழிலில் இருந்தார்கள். அண்ணன் அகஸ்ட், தம்பி ஹெர்மன். 1898 நவம்பரில் அகஸ்ட் ஒரு சிறிய கப்பலில் மரத்தோடு வரும்போது புயலில் மூழ்கிப்போனார். அந்த வருஷம் ஹெர்மன் போகவில்லை. அவருடைய மனைவி பார்பராவுக்கு அப்போதுதான் இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்திருந்தன. ஹேசல், பெர்ல் என்று பேர். மூத்தவள் எல்சி.

இதற்குப் பிறகும் ஹெர்மன் தொழிலை விடவில்லை. ஒவ்வொரு வருஷமும் கப்பலை நேராகச் சிகாகோ ஆற்றுக்குள் கொண்டுவந்து, கிளார்க் தெருப் பாலத்துக்குப் பக்கத்தில் கட்டுவார். பாய்மரத்தில் மின்விளக்குகள் எரியும். பலகை வழியாக ஜனங்கள் ஏறிவந்து, மேல்தளத்தில் குவிந்திருக்கும் மரங்களைப் புரட்டிப் பார்த்து எடுத்துக்கொள்வார்கள். 50 சென்ட், பெரிதானால் 1 டாலர். நடுவில் தரகன் கிடையாது, கடைக்காரன் கிடையாது. இல்லாத குடும்பங்களுக்கும் தேவாலயங்களுக்கும் சும்மாவே கொடுத்தார். 'கேப்டன் சான்டா' என்று ஊரில் பேர் வந்துவிட்டது. பேர் அவருக்கு, வேலை வீடு முழுவதற்கும். பார்பராவும் பெண்களும் கிளைகளை வளைத்துக் கட்டி, கதவில் மாட்டுகிற பச்சை வளையங்களும் மாலைகளும் செய்தார்கள். பிசின் ஒட்டிய கை சோப்பு போட்டாலும் லேசில் விடாது. பூக்கட்டுகிறவர் விரலில் நார் அறுத்த தடம் மாதிரி, அதுவும் ஒரு தொழில் அடையாளம்.

1912 நவம்பர் 22. மிச்சிகன் மாநிலத்தின் தாம்சன் துறையிலிருந்து 'ரூஸ் சிம்மன்ஸ்' என்ற மூன்று பாய்மரக் கப்பலில் ஹெர்மன் கிளம்பினார். 1868இல் கட்டிய கப்பல், 44 வயது. அடித்தளம், மேல்தளம் எல்லாம் மரம், ஆயிரக்கணக்கில். மறுநாள் பிற்பகல் கிவானி என்ற இடத்தில் கரையோர மீட்பு நிலையத்தார், ஆபத்துக் கொடி ஏற்றிய ஒரு கப்பல் போவதைப் பார்த்தார்கள். அவர்களிடம் மோட்டார் படகு இல்லை. தெற்கே டூ ரிவர்ஸ் நிலையத்துக்குப் போன் போட்டார்கள். அங்கிருந்து படகு போய்த் தேடியது. கப்பலைக் காணோம். மேல்தளத்து மரங்களில் பனி உறைந்து பாரம் கூடியிருக்கலாம் என்கிறார்கள். ஒருவரும் பிழைக்கவில்லை.

கிளம்புமுன் எலிகள் இறங்கி ஓடின என்று ஒரு கதையும் சுற்றுகிறது. மூழ்கிய கப்பலுக்கெல்லாம் பின்னால் இப்படி ஒரு எலிக்கதை முளைக்கும், விடுங்கள்.

நான் சொல்ல வந்தது இதற்கு அப்புறம் நடந்தது. கேப்டனைப் பற்றி நிறையச் சொல்கிறார்கள், பார்பராவைப் பற்றி ஒரு வரியில் முடித்துவிடுகிறார்கள். புருஷனின் அண்ணனையும் புருஷனையும் அதே ஏரி, அதே சரக்கோடு, அதே மாதத்தில் கொண்டுபோயிருக்கிறது. எல்சிக்கு இருபது வயது, இரட்டையருக்குப் பதினாலு. அந்த அம்மாள் மரத்தொழிலை விடவில்லை. பெண்களோடு சேர்ந்து பல வருஷம் நடத்தினார். முதலில் கப்பலில்தான் மரம் வந்தது, பிறகு ரயிலில். தைரியம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுவோம். எனக்கென்னவோ, அவர்களுக்குத் தெரிந்த தொழில் அது ஒன்றுதான் என்றும் தோன்றுகிறது.

மீனவர் வலைகளில் பல வருஷம் கிறிஸ்துமஸ் மரங்கள் சிக்கிக்கொண்டே இருந்தன. 1924இல் ஒரு வலையில் பணப்பை ஒன்று வந்தது. எண்ணெய்த் துணியில் இறுகச் சுற்றியிருந்ததால் உள்ளே இருந்த காகிதங்கள் கெடவில்லை. ஹெர்மனுடைய பை. பன்னிரண்டு வருஷம் கழித்து அது கரையேறியபோது பார்பரா உயிரோடுதான் இருந்தார்.

கப்பல் கிடைத்தது 1971இல். கென்ட் பெல்ரிச்சர்ட் என்ற முக்குளிப்பாளர் டூ ரிவர்ஸுக்கு அப்பால், சுமார் 165 அடி ஆழத்தில் கண்டுபிடித்தார். அடித்தளத்தில் மரங்கள் அடுக்கியபடியே இருந்தன, சிலவற்றில் ஊசிகூட உதிராமல். நன்னீர், அதுவும் குளிர்ந்த நீர்; கட்டையைத் துளைக்கும் கடல் புழு அங்கே கிடையாது.

2000ஆம் ஆண்டிலிருந்து அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் 'மெக்கினா' கப்பல் டிசம்பர் தொடக்கத்தில் சிகாகோவுக்கு மரம் கொண்டுவருகிறது. வசதியில்லாத குடும்பங்களுக்கு இலவசம்.

பார்பரா 1933இல் இறந்தார். கல்லறைக் கல்லில் கணவன் பேரும் மனைவி பேரும் இருக்கின்றன. ஹெர்மனின் உடல் கிடைக்கவேயில்லை. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சின்ன மரம் செதுக்கியிருக்கிறது.

வணக்கம்.