புளி போட்டுத் தேய்த்த செப்புக் காசு

வணக்கம் மக்களே. இன்று நான் நிற்பது பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம், இப்ராகிம் சாகிபு தெரு. பின்னால் தெரிகிற தடித்த செங்கல் சுவரின் மேல் இருப்பதுதான் நம்ம மாடிப் பூங்கா. 1758-59ல் பிரெஞ்சுப் படை செயின்ட் ஜார்ஜ் கோட்டையை முற்றுகையிட்டபோது, கோட்டைக்கு வெளியே நம்மவர்கள் வாழ்ந்த கறுப்பர் நகரத்துக்குள் புகுந்து உட்கார்ந்துகொண்டது. அப்புறம் ஹைதர் அலி படையும் சென்னை வாசல் வரை வந்துவிட்டது. அந்தப் பயத்தில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் ஊரைச் சுற்றி எழுப்பிய மதிலில் மிஞ்சிய துண்டு இது. மதில் செலவுக்கு ஊர்க்காரர்களிடமே வரி கேட்டார்கள். வால்டாக்ஸ் (மதில் வரி) ரோடு என்ற பெயரில் அந்த வரி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இங்கே பாருங்கள், கேமராவைக் கிட்டே கொண்டுபோகிறேன். இரண்டு செங்கல்லுக்கு நடுவே ஓர் அரசங்கன்று, விரல் நீளம்தான். இதைக் காட்டியது நானல்ல, எதிரில் இட்லி விற்கும் ஆயா. "போன மழைக்கு இது கிடையாதுப்பா, பக்கத்து விரிசலும் இவ்ளோ அகலம் இல்ல" என்றார். கன்றை மேலோடு பிய்த்தால் வேர் உள்ளேயே தங்கி மறுபடி துளிர்க்கும். விரிசலில் சிமென்ட் பூசினால் இன்னும் மோசம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும், சிமென்ட் அதை அடைத்துவிடும், செங்கல் உதிர ஆரம்பிக்கும். ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க வருபவர் கண்ணில் படாதது, தினமும் எதிரே உட்காரும் ஆயா கண்ணில் படுகிறது. அவரிடம் யாருமே இதுவரை கேட்டதில்லையாம். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

எங்கள் வீட்டுக் கதையும் ஒன்று உண்டு. மாமா வீடு கட்ட அஸ்திவாரம் தோண்டியபோது ஒரு செப்புக் காசு கிடைத்தது. பாட்டி ஆசையாகப் புளி போட்டு, சாம்பல் வைத்துத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டார். எழுத்து மொத்தமும் போய்விட்டது. எத்தனை அடி ஆழத்தில், எதோடு சேர்ந்து கிடந்தது என்றும் யாரும் குறித்துவைக்கவில்லை. பாட்டியைக் குறை சொல்ல மாட்டேன். தேய்க்காதீர்கள் என்று எங்கள் தெருவில் யாரும் வந்து சொன்னதே இல்லை.

ஊர்க்காரர்கள் கைகொடுத்த கதையும் உண்டு. கீழடி அகழாய்வில் தென்னந்தோப்புக்காரர்கள் நிலம் தந்ததால்தான் குழி போட முடிந்தது. மண்ணை வெட்டியதும் சலித்ததும் அந்த ஊர்ப் பெண்களும் ஆண்களும்தான்.

சட்டமும் நமக்கு எதிரி இல்லை. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, மண்ணில் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருள் கிடைத்தால் கலெக்டருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். சொந்தம் கொண்டாட யாரும் வராவிட்டால் கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசு எடுத்துக்கொண்டால் அதைச் செய்த மூலப்பொருளின் மதிப்போடு, அந்த மதிப்பில் ஐந்தில் ஒரு பங்கும் கூடுதலாகத் தர வேண்டும். பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பயத்தில்தான் பலர் மறைக்கிறார்கள். அதனால் இதைச் சத்தமாகச் சொல்கிறேன். ஏதாவது கிடைத்தால் கழுவாதீர்கள், இடத்தோடு ஒரு போட்டோ எடுங்கள், பக்கத்தில் அளவுக்கு ஒரு ஸ்கேல் வையுங்கள்.

சரி, அடுத்த ஞாயிறு காலை 7 மணிக்கு இதே இடம். ஆயா பேச ஒத்துக்கொண்டிருக்கிறார். கல்மண்டபம், காசிமேடு பக்கம் இருப்பவர்கள் வீட்டுப் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், பதிவு செய்யலாம். இட்லி சூடாக இருக்கும்.