லைட் கிடையாது, விளக்கம் கிடையாது: 'தி ஷூட்டிங்' எடுத்த கதை

(திரையில்: வெறும் பாறை, மண், நான்கு உருவங்கள்)

வணக்கம் மக்களே! ஜாக் நிக்கல்சன் வில்லனாக வரும் ஒரு கௌபாய் படம். மொத்த பட்ஜெட் 75,000 டாலர். படப்பிடிப்பில் ஒரு லைட்கூட இல்லை. அமெரிக்காவில் முதலில் தியேட்டர் பக்கமே போகாமல் நேராக டிவிக்குப் போனது. இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

பின்னணியைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். ஆண்டு 1965. இயக்குநர் மாண்ட்டி ஹெல்மன். பணம் ரோஜர் கார்மனுடையது. சிக்கனப் படங்களில் பழம் தின்று கொட்டை போட்டவர். ஹெல்மனும் நிக்கல்சனும் கொண்டுபோன கதை அவருக்குப் பிடிக்கவில்லை, வெஸ்டர்ன், அதாவது கௌபாய் படம் எடுக்கச் சொன்னார். அப்புறம், அவ்வளவு தூரம் போகிறவர்கள் இரண்டு படமாக எடுத்து வரட்டும் என்றார்! கல்யாணப் பந்தலிலேயே காதுகுத்தையும் முடிப்பதுபோல. அந்த இரண்டாவது படம் 'ரைடு இன் த வேர்ல்விண்ட்', திரைக்கதை நிக்கல்சனே எழுதியது. இடம் அமெரிக்காவின் ஊட்டா மாநிலத்தில் கேனப் என்ற ஊர்ப் பக்கம். படத்துக்கு மூன்று வாரம். போன உடனே மழை வேறு.

சரி, எனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். வெளிச்சம்.

பாலைவனத்தில் லைட் எதற்கு என்று கேட்பீர்கள். அங்கேதான் வேண்டும். உச்சி வெயிலில் தொப்பியின் நிழல் கண்ணையே மறைத்துவிடும். அந்தக் காலத்துக் கலர் பிலிமில் வானமும் நிழலும் ஒருசேர சரியாக விழாது. பெரிய கம்பெனி என்றால் ஜெனரேட்டரோடு ஆர்க் லைட்டைக் கொண்டுபோய் முகத்தை நிரப்பிவிடும். இங்கே ஒளிப்பதிவாளர் கிரிகரி சாண்டருக்குக் கிடைத்த லைட்மேன் சூரியன் ஒருவர்தான். பேட்டா கேட்க மாட்டார், ஆனால் சொன்ன இடத்தில் நிற்கவும் மாட்டார். நடிகரைத்தான் திருப்பி நிறுத்த வேண்டும், நேரம் பார்த்துத்தான் கேமராவை ஓட்ட வேண்டும். படத்தில் அந்த வெயில் நம்மைச் சுடுகிறதே, அது இதனால்தான் என்பேன். செட் போட்டு வராது அது.

கதையிலும் அதே கஞ்சத்தனம். பெயர் சொல்லாத ஒரு பெண், பாலைவனத்தைக் கடக்க வழிகாட்டச் சொல்லி நாயகன் வாரன் ஓட்ஸுக்குப் பணம் தருகிறாள். நல்லாயிருக்கும் தன் குதிரையைத் தானே சுட்டுவிட்டுத்தான் அவள் வருகிறாள்! யாரையோ பழிவாங்கப் போகிறாள், அவ்வளவுதான் நமக்குப் புரியும். நடித்தவர் மில்லி பெர்க்கின்ஸ். 1959-இல் நாஜிகளிடமிருந்து ஒளிந்திருந்து டைரி எழுதிய சிறுமி ஆன் ஃபிராங்காக ஹாலிவுட் படத்தில் வந்த அதே பெண் என்றால் நம்ப முடிகிறதா?

பழிவாங்கும் படம் என்றாலே யார், யாரை, ஏன் என்று முதல் ரீலிலேயே ஒப்பித்துவிடுவார்கள். கரோல் ஈஸ்ட்மன் எழுதிய திரைக்கதையிலும் தொடக்கத்தில் விளக்கப் பக்கங்கள் இருந்தன. முதல் பத்துப் பக்கத்தை ஹெல்மன் தூக்கிப் போட்டுவிட்டார். பணமும் மிச்சம், மர்மமும் லாபம். பலருக்கு இது எரிச்சலாக இருக்கும். எனக்கு இதுதான் படம்.

பிரான்சில் படத்தை வாங்கியவர் திவாலாகி, பிரிண்ட் பாரிஸ் விமான நிலையத்திலேயே முடங்கியது தனிக்கதை. வெளியே வந்ததும் அங்கே கொண்டாடினார்கள்.

(திரையில்: கடைசிக் காட்சிக்கு முந்தைய பாறைச் சரிவு)

கடைசி நிமிடம் திடீரென ஸ்லோ மோஷனுக்குப் போகும். அதில் தெரியும் முகம் யாருடையது? படத்தைப் பார்த்துவிட்டு கமெண்டில் சண்டை போடுங்கள். மேலே 'ஸ்பாய்லர்' என்று எழுதிவிட்டு மட்டும்!