உலக அமைதிக்குத் தேவை அளவுகோலே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மஞ்சக்குப்பத்தில் வந்து கூடியிருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

"உலக அமைதிக்கு வழி மனமாற்றமா, அளவுகோலா?" என்பது தலைப்பு. "அமைதி என்ன முந்திரிக்கொட்டையா, தராசில் போட்டு நிறுக்க?" என்று எதிரணித் தலைவர் கேட்டார், கைதட்டலும் வாங்கினார். ஐயா, பண்ருட்டிப் பக்கம் போய்ப் பாருங்கள். முந்திரிக்கொட்டையைக்கூட வெறும் எடையை வைத்து வாங்கமாட்டார்கள். ஈரம் காய்ந்ததா என்று பார்த்துத்தான் விலை பேசுவார்கள். சரியாக அளக்கத் தெரியவேண்டும், அவ்வளவுதான்.

நம் கடலூர் துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுகிறார்கள். 1 முதல் 11 வரை எண் உண்டு. 10 என்றால் பேரபாயம். 11 அதைவிடப் பெரிய புயலா? இல்லை. வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது, ஆபத்து இருக்கும் என்று துறைமுக அதிகாரி கருதுகிறார் என்று பொருள். கூண்டைப் பார்த்து எந்தப் புயலும் திரும்பிப் போனதில்லை. 2011 டிசம்பர் 30இல் தானே புயலும் போகவில்லை. ஆனாலும் எண்ணைப் பார்த்துத்தானே படகைக் கரையேற்றுகிறோம்? அந்த 11ஐ ஞாபகத்தில் வையுங்கள், பிறகு அதற்கு வருகிறேன்.

வானிலையைக் கணக்குப் போட்டே முன்கூட்டிச் சொல்லலாம் என்று 1922இல் நூல் வெளியிட்டவர் லூயிஸ் ஃப்ரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர். போரை ஏற்காத குவேக்கர் சமயத்தவர். முதல் உலகப் போரில் ஆயுதம் ஏந்தாமல் ஆம்புலன்ஸ் ஓட்டியவர். தான் வேலை பார்த்த வானிலைத் துறை, விமானப் படையை நடத்தும் விமான அமைச்சகத்தின் கீழ் போனதும் வேலையையே விட்டார். மனம் மாறிய மனிதர் வேண்டுமென்றால் இவரைவிட யாரைக் காட்டுவீர்கள்? அந்த மனிதர் அப்புறம் என்ன செய்தார்? உட்கார்ந்து போர்களை எண்ணினார். ஒருவர் செத்தால் 0, ஆயிரம் பேர் என்றால் 3, பத்து லட்சம் என்றால் 6 என்று நிலநடுக்கத்துக்குப் போடுவதுபோல அளவு போட்டார். ஒரே மொழி பேசினால் சண்டை வராது என்று சற்றுமுன் இங்கே சொன்னார்கள். அவர் கணக்கில் அதற்குச் சான்று அகப்படவே இல்லை. எண்ணாமல் விட்டிருந்தால் இன்னமும் அதை நம்பிக்கொண்டிருப்போம்.

இன்றைய உலக அமைதிக் குறியீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 2007 முதல் வருகிறது. 163 நாடுகள், 23 அளவைகள். ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். உள்நாட்டு நிலைக்கு 60 விழுக்காடு எடை, வெளிநாட்டோடு உள்ள நிலைக்கு 40. குறைவாக வாங்கினால்தான் நல்ல பெயர். நம் பிள்ளைகளுக்குப் பிடித்த தேர்வு! ஐஸ்லாந்து 2008 முதல் முதலிடத்தில் இருக்கிறது. 2025இல் இந்தியாவுக்கு 115ஆம் இடம்.

இதில் ஓட்டை இல்லையா? இருக்கிறது, நானே சொல்கிறேன். 2010 வரை லிபியா பட்டியலின் மேல்பாதியில் சுகமாக இருந்தது. 2011இல் 83 இடம் சறுக்கி 143க்குப் போனது. ஏன்? பயத்தில் வாய்மூடி இருப்பதும் அளவுகோலுக்கு அமைதியாகவே தெரிந்தது. நார்வே அறிஞர் யோஹான் கால்டுங் இதை முன்பே பிரித்துச் சொன்னார்: அடிதடி இல்லாதது ஒரு வகை அமைதி, அநீதி இல்லாதது இன்னொரு வகை. முதல் வகையை மட்டும் அளந்தால் இப்படித்தான் ஏமாறுவோம்.

இன்னொரு கோளாறு நமக்கு நன்றாகவே தெரிந்தது. புகார் கொடுத்தால் எஃப்.ஐ.ஆர். போடாமல், புகார் வந்தது என்று மட்டும் காட்டும் சி.எஸ்.ஆர். ரசீதோடு அனுப்பிவிட்டால், அந்த ஊர் காகிதத்தில் சொர்க்கம். ஒழுங்காக வழக்குப் பதிகிற ஊர் ரவுடி ஊர்! வீட்டுக்குள் விழும் அடியோ இரண்டு ஊர்க் கணக்கிலும் வராது. அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் நாடுகளை ஒப்பிடும்போது கொலை எண்ணிக்கையை முதலில் பார்க்கிறார்கள், லட்சம் பேருக்கு எத்தனை என்று. திருட்டை மறைக்கலாம், பிணத்தை மறைப்பது கடினம். அது மட்டும் போதாது என்றுதான் ஐ.நா.வின் 16ஆவது வளர்ச்சி இலக்கு மக்களையே கேட்கச் சொல்கிறது: "இருட்டிய பிறகு நீங்கள் வசிக்கும் பகுதியில் தனியாக நடக்கப் பயமில்லையா?" இதைத் தேவனாம்பட்டினத்தில் கேளுங்கள், முதுநகரில் கேளுங்கள். ஆண்களையும் பெண்களையும் தனித்தனியே கேளுங்கள். கணவன் பக்கத்தில் நிற்கும்போது மனைவியைக் கேட்காதீர்கள், பதில் மாறிவிடும். ஆண்டுதோறும் அதே மாதத்தில், அதே கேள்வியை, ஒரு சொல்லும் மாற்றாமல் கேட்கவேண்டும். கேள்வியை மாற்றிவிட்டு "நிலைமை முன்னேறியது" என்பது பழைய வித்தை.

அளவுகோலில் பிழை இருந்தால் அதைத் திருத்தலாம், நடுவர் அவர்களே. மனம் மாறியதா இல்லையா என்பதை எதிரணி எதை வைத்துக் கண்டுபிடிக்கும்?

இப்போது அந்த 11க்கு வருகிறேன். 1783 ஜனவரி 20ஆம் தேதி வெர்சாயில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் முதற்கட்ட சமாதானத்தில் கையெழுத்திட்டுவிட்டார்கள். கடலூருக்குச் சேதி வரவில்லை. ஜூனில் இங்கே முற்றுகை. 20ஆம் தேதி கடலில் பீரங்கிச் சண்டை. 25ஆம் தேதி கோட்டையிலிருந்து பிரெஞ்சுக்காரர்கள் வெளியே வந்து தாக்கினார்கள். இருபுறமும் ஆட்கள் செத்தார்கள். மாதக் கடைசியில் சேதி வந்தது, சண்டையை நிறுத்தினார்கள். எழுதி முடித்த சமாதானம் ஐந்து மாதமாகக் கடலில் வந்துகொண்டிருந்தது. அந்த ஜூன் மாதம் முழுக்க இந்த ஊரில் ஏறியிருக்க வேண்டியது 11ஆம் எண் கூண்டு.