திரும்பி வருவதே கடினம்

நடுவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் நண்பர்களே, அவையோரே, வணக்கம். வளரும் நாடு ஒன்றுக்குப் பணியாற்றச் செல்பவருக்கு மிகுந்த சிரமம் தருவது அங்கே போய்ச் சேர்வதா, பணி முடித்து ஊர் திரும்புவதா என்ற தலைப்பில், திரும்புவதே என்று வாதாட வந்திருக்கிறேன். எத்தியோப்பியாவில், தானா ஏரிக்கரையில் உள்ள பகிர் தார் நகரில், நான்காண்டுகள் கல்லூரி ஆசிரியனாக இருந்துவிட்டு வந்தவன் என்பதால், இந்தப் பக்கம் நின்று பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், "புது ஊரில் மொழி தெரியாது, உணவு ஒத்துக்கொள்ளாது; ஊர் திரும்புவதோ கழற்றி வைத்த பழைய சட்டையை எடுத்து மாட்டிக்கொள்வது போல" என்று சொல்லிக் கைத்தட்டல் வாங்கினார். சட்டை அப்படியேதான் இருக்கிறது ஐயா; மாட்டுகிறவனின் உடம்பல்லவா மாறிவிட்டது?

போன இடத்துச் சிரமத்தை நான் மறுக்கவில்லை. அங்கே ஆண்டுக்குப் பதின்மூன்று மாதங்கள்; புத்தாண்டு செப்டம்பரில் பிறக்கும். விடியலிலிருந்து மணி எண்ணுவதால், நம்முடைய காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. "மூன்று மணிக்கு வகுப்பு" என்று மாணவர் ஒருவர் சொன்னதை நம்பி, மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு ஆடி அசைந்து போய் நின்றேன். வகுப்பு காலை ஒன்பதுக்கே கூடிக் கலைந்திருந்தது. ஆனால் இவற்றுக்கெல்லாம் நான் தயாராகத்தான் போனேன். மஞ்சள் காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட்டார்கள். அத்தை புளிக்காய்ச்சல் கிளறிக் கொடுத்தார். அங்கே தடுமாறியபோதெல்லாம் 'ஃபெரஞ்சி', அதாவது வெளிநாட்டுக்காரன், என்று சிரித்து மன்னித்தார்கள். திரும்பி வருகிறவனுக்குத் தடுப்பூசி ஏது? சொந்த ஊரில் தடுமாறுகிறவனை யார் மன்னிப்பார்கள்?

இது என் ஒருவன் புலம்பல் அன்று. அயல்நாட்டில் வாழ்கிறவரின் மனநிலை தொடக்கத்தில் உயர்ந்து, பிறகு தாழ்ந்து, மீண்டும் எழுகிறது என்று நார்வே அறிஞர் லிஸ்கார்ட் 1955-இல் எழுதினார். அதே இறக்கமும் ஏற்றமும் ஊர் திரும்பிய பின் இன்னொரு முறை வருகின்றன என்று ஆய்வாளர்களான கல்லஹார்ன் இணையர் 1963-இல் எடுத்துக்காட்டினர். 1962 முதல் எத்தியோப்பியாவுக்கும் ஆட்களை அனுப்பிய, 'பீஸ் கோர்' எனப்படும் அமெரிக்க அரசின் தொண்டர் அமைப்பு, பணி முடித்த தொண்டர் மறுபடி தம் ஊரோடு பொருந்திக்கொள்வதற்கென்றே ஒரு படித்தொகை தருகிறது. பழைய சட்டையை மாட்டிக்கொள்ளவா ஐயா படி கொடுப்பார்கள்?

ஊரில் என்னை வரவேற்றவை இரண்டே கேள்விகள்: "எவ்வளவு சேர்த்தாய்?", "அங்கே சாப்பாடு கிடைக்குமா?" 1984-ஆம் ஆண்டுப் பஞ்சத்தின் படங்களோடு அந்த நாடு இங்கே பலர் மனத்தில் உறைந்துவிட்டது. புதனும் வெள்ளியும் நோன்பிருந்து, இறைச்சியும் பாலும் விலக்கிப் பருப்பும் கீரையும் சமைப்பவர்கள் நிறைந்த நாட்டில் என்னைப் போன்ற சைவனுக்கு விருந்தே நடந்தது என்றால் நம்புவாரில்லை. டெஃப் என்னும் சிறுதானியத்தின் மாவைப் புளிக்கவைத்துச் சுடும் இஞ்செரா நம் தோசைக்கு அக்காள் முறை என்று சொல்லத் தொடங்கினேன். பாதியிலேயே மச்சான் கைப்பேசியை எடுத்துவிட்டார். அமெரிக்காவிலிருந்து வந்தவருக்கு நாற்காலியை இழுத்துப் போடுகிற ஊர், என்னை "வேறெங்கும் கிடைக்கவில்லையா?" என்று பார்த்தது. நேர்காணலுக்குப் போன ஒரு கல்லூரியில் அந்த நான்காண்டு அனுபவம் கணக்கில் வராது என்று கூறிவிட்டார்கள்.

பகிர் தாரில் பக்கத்து வீட்டு அம்மா, பச்சைக் காப்பிக் கொட்டையைக் கழுவி, எங்கள் கண்ணெதிரே வறுத்து, புகையும் சட்டியை ஒவ்வொருவர் முகத்தருகிலும் கொண்டுவந்து மணம் காட்டி, இடித்து, ஜெபனா என்னும் மண்கூஜாவில் கொதிக்கவிட்டு, அபோல், தோனா, பரகா என்று மூன்று சுற்று ஊற்றுவார். மூன்றாவது சுற்று ஆசி. அதற்குமுன் எழுந்து போவது முறையன்று. விடைபெற்றபோது அவர் தந்த ஜெபனாவை எங்கள் வீட்டு ஷோகேஸில் பார்க்கிறவர்கள் பூச்சாடி என்றே நினைக்கிறார்கள். மூன்று சுற்று உட்கார்ந்து பேச எனக்கு ஆள் வேண்டும். இங்கே டம்ளரைக் கீழே வைக்குமுன் "சரி, கிளம்புகிறேன்" என்கிறார்கள்.

என் கதை போகட்டும். இரண்டு வயதில் என்னோடு வந்து ஆறு வயதில் திரும்பிய என் மகளைப் பாருங்கள். 'ஆமாம்' என்பதற்கு அங்கே சட்டென மூச்சை உள்ளிழுத்துக் காட்டுவார்கள். தெருப் பிள்ளைகளிடமிருந்து அவளுக்கும் அது ஒட்டிக்கொண்டது. இங்கே பள்ளியில் "வீட்டுப்பாடம் எழுதினாயா?" என்று ஆசிரியை கேட்கும்போதெல்லாம் அவள் மூச்சை இழுக்க, குழந்தைக்கு இழுப்பு இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டும்படி டைரியில் எழுதி அனுப்பினார். புது ஊர் அஜீரணத்துக்கு மருந்துக்கடை உண்டு, எதிரணி நண்பரே. இந்த இழுப்புக்கு எங்கே போவது? ஓராண்டுக்குள் அவளும் மற்றப் பிள்ளைகளைப் போல "எஸ் மிஸ்" என்று சொல்லப் பழகிவிட்டாள்.

சென்ற மாதம் அந்தப் பக்கத்து வீட்டு அம்மா பகிர் தாரிலிருந்து அழைத்தார். கைப்பேசியை மகளிடம் கொடுத்தேன். அவர் அந்த ஊர் மொழியான அம்ஹாரிக்கில் ஏதோ கேட்டார், அவள் என் முகத்தைப் பார்த்து, "என்ன சொல்றாங்கப்பா?" என்றாள்.

மணி அடித்துவிட்டது, நடுவர் அவர்களே. அமர்கிறேன்.