இரண்டாவது சுற்றிலேயே மூச்சு முட்டுகிறது, என்ன செய்வது?

குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "காவலர் தேர்வுக்குத் தயாராகிறேன். 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். இரண்டாவது சுற்றிலேயே மூச்சு முட்டுகிறது. வாயைத் திறக்கவே கூடாது, மூக்கால்தான் மூச்சுவிட வேண்டும் என்கிறார்கள். சரியா?"

தம்பி, மெதுவோட்டத்துக்குச் சரி. மூக்கு காற்றை ஈரப்படுத்தும், தூசியை வடிகட்டும். பாலாற்றுப் பக்கம், லாரி போகும் சாலையோரம் ஓடுகிறவர்களுக்கு நல்லதுதான். ஆனால் தேர்வு வேகத்துக்கு மூக்கு மட்டும் போதாது. வாயையும் திறந்து விடுங்கள், தவறே இல்லை.

மூச்சு முட்டியதும் காற்று போதவில்லை என்று எண்ணி மேலும் மேலும் இழுக்கிறோம். அந்தத் தவிப்பைப் பெரும்பாலும் கிளப்புவது உடலில் சேரும் கரியமில வாயு. அதை முழுதாக வெளியே விடாமல் இழுத்துக்கொண்டே இருந்தால் புதுக் காற்றுக்கு இடம் ஏது? நிரம்பிய குடத்தில் தண்ணீர் ஊற்றுகிற கதைதான். காலையில் மைதானத்தில் பார்க்கிறேன்: தோள் இரண்டும் காதுவரை ஏறியிருக்கும், நெஞ்சு படபடக்கும், வயிறு மட்டும் அசையாது. அப்படி ஓடுகிற பிள்ளைகளிடம் நான் கத்துவது ஒரே சொல்: "ஊது!" ஊதாங்குழலால் அடுப்பு ஊதுவோமே, அப்படி வயிற்றிலிருந்து ஊதுங்கள். இழுப்பது தானாக நடக்கும்.

இதை வீட்டிலேயே பழகலாம். பாயில் மல்லாந்து படுத்து, தொப்புள் மேல் ஒரு புத்தகம் வையுங்கள். இழுக்கும்போது புத்தகம் எழும்ப வேண்டும், விடும்போது இறங்க வேண்டும். தினம் ஐந்து நிமிடம் போதும். பிறகு ஓட்டத்தில் மூச்சைக் காலடிக் கணக்கோடு சேர்த்துக்கொள்ளுங்கள்: மெதுவோட்டத்தில் மூன்று அடிக்கு இழுத்து மூன்று அடிக்கு விடுவது, வேகத்தில் இரண்டுக்கு இரண்டு. கணக்கு தப்பினால் விட்டுவிடுங்கள், ஊதுவதை விடாதீர்கள்.

இன்னொன்று. 400 மீட்டர் தடத்தில் 1500 என்பது மூன்றே முக்கால் சுற்று. 7 நிமிடம் என்றால் சுற்றுக்கு 112 விநாடி. நீங்கள் முதல் சுற்றைத் தொண்ணூறுக்குள் ஓடிவிடுகிறீர்கள் என்றே எனக்குப் படுகிறது. அப்படி என்றால் எந்த மூச்சுப் பயிற்சியும் காப்பாற்றாது. அடுத்த முறை கடிகாரத்தைப் பார்த்து 110-இல் முடியுங்கள்.

விலாவில் குத்தினால் வேகத்தைக் குறைத்து, அந்த இடத்தைக் கையால் அழுத்தியபடி நன்றாக ஊதுங்கள். வயிறு நிறையச் சாப்பிட்டால் இரண்டு மணி நேரம் ஓட வேண்டாம்.

நெஞ்சு வலித்தாலோ, தலை சுற்றினாலோ, மூச்சில் விசில் சத்தம் கேட்டாலோ உடனே நின்றுவிடுங்கள் தம்பி. தேர்வு நெருங்குகிறதே என்று தள்ளிப்போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.